மண்டபத்துப் பாசி

மூன்றாவது துண்டையும் வாயில் போட்டு, அது தொண்டைக்குள் வழுக்கி இறங்கிய பிறகுதான் மாயக்காளுக்கு அது என்னவென்று கேட்கத் தோன்றியது.

"ஏத்தா சபியா, என்னத்துலடி இதச் செய்யிறீக? பல்லுக்கு வேலையே வைக்க மாட்டேங்குதே."

நோன்பு திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. உத்தமபாளையத்தில் அந்தத் தெரு முழுக்கக் கஞ்சி வாசம். சபியாவும் சொர்ணலதாவும் கல்லூரியில் ஒரே பெஞ்சு. அந்தப் பழக்கத்தில் வருஷா வருஷம் நோன்பு மாதத்தில் ஒரு நாள் சொர்ணலதா ஆனைமலையன்பட்டியிலிருந்து பஸ் ஏறி இங்கே வந்துவிடுவாள். இந்த வருஷம் அவளுடைய அத்தை மாயக்காளும் கூடவே ஏறிக்கொண்டாள். போடியில் சம்பந்தம் கூடிவருகிற நேரம், பெண்ணைத் தனியாக விடக்கூடாது என்பது சொன்ன காரணம். பாய் வீட்டுப் பலகாரம் சொல்லாத காரணம்.

"கடல்பாசி அத்தை," என்றாள் சபியா. "பாலு ஊத்தி, ரோஸ் கலர் போட்டுக் காய்ச்சி ஆற வச்சா இப்படிக் கெட்டிப்பட்டுரும்."

மாயக்காளின் கை தட்டுக்கு மேலேயே நின்றது. "பாசியா?"

"ஆமா. கடலுக்குள்ள செடி மாதிரி வளருமே, அது. காயப்போட்டு விக்கிறாக. நம்ம கடைக்கு மண்டபத்துல இருந்துதான் வருது."

"எந்தக் கல்யாண மண்டபம்?"

வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த சபியாவின் கணவன் பரீத் சிரித்துவிட்டான். அவன் பஜாரில் மளிகைக்கடை வைத்திருப்பவன். "கல்யாண மண்டபம் இல்ல அத்தை. மண்டபம்ங்கிறது ஊரு. ராமேஸ்வரம் ரயிலு பாலத்துல ஏறுறதுக்கு முந்தி வரும். அங்கன கடல்பாசிக்குன்னே கவர்மெண்ட்டு ஆபீஸெல்லாம் இருக்கு. படிச்ச ஆளுக உக்காந்து ஆராய்ச்சி பண்றாக."

மாயக்காள் மெல்லத் திரும்பி அண்ணன் மகளைப் பார்த்தாள். சொர்ணலதா தன் தட்டில் இருந்த ரோஜா நிறத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலால் தொட்டால் நடுங்கியது அது. தொடாமலே நடுங்குவது போலவும் இருந்தது.

*

மூன்று வருஷத்துக்கு முந்தி, ஒரு தை மாதத்தில், சண்முகராஜ் அவளைப் பார்க்க வந்தான். ஆண்டிபட்டிக்காரன். குடத்துத் தண்ணீருக்குக் கால் தேய நடக்கிற ஊரில் பிறந்தவன், படித்து முடித்ததும் தண்ணீரைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாத இடமாகப் பார்த்து வேலைக்குப் போய்விட்டான். தரகர் தவசிதான் அழைத்து வந்தார். "மாப்பிள்ளை எம்.எஸ்ஸி. மண்டபத்துல ஆபீஸு" என்பதோடு தவசியின் விவரம் முடிந்துவிட்டது. அதற்கு மேல் அவருக்கே தெரியாது.

சொர்ணலதாவின் அப்பா பேச்சிமுத்து அதிகம் பேசாத மனிதர். மனைவி போன பிறகு அவர் பேசியதெல்லாம் திராட்சைக் கொடியோடுதான். வீட்டுப் பேச்சு முழுவதையும் தங்கை மாயக்காளிடம் ஒப்படைத்திருந்தார். அன்றைக்கு மட்டும் அவராகவே, "தம்பிக்குத் தோட்டத்தச் சுத்திக் காட்டு ஆத்தா," என்று மகளிடம் சொன்னார்.

பன்னீர் திராட்சைப் பந்தலின் கீழே குனிந்துதான் நடக்க வேண்டும். அவன் உயரம். இரண்டு தடவை கம்பியில் தலையை இடித்துக்கொண்டான். கொத்துக் கொத்தாகத் தொங்கிய காயை அவன் பார்க்கவே இல்லை. பந்தலின் கோடியில் இருந்த எருக்குழி பக்கம் வந்ததும் நின்றுவிட்டான். வெள்ளை வேட்டியோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குழிக்குள் கையை விட்டு, ஒரு பிடி எருவை அள்ளி மூக்குக்கருகே கொண்டுபோனான்.

சொர்ணலதாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பொண்ணு பாக்க வந்தீகளா, குப்பை பாக்க வந்தீகளா?"

"ரெண்டும்தான்," என்றான் அவன், நிமிராமலே. பிறகுதான் தான் சொன்னது உறைத்து, காது சிவந்தான். "எனக்கும் இதே வேலைதான். நீங்க கரையில பண்றத நான் கடலுக்குள்ள பண்றேன்."

"கடலுக்குள்ள குப்பைக்குழியா?"

"கடல்பாசி. அது எப்படி மக்குதுன்னு பாக்குறேன்."

அவள் தலையைச் சாய்த்தாள். "மக்கிப் போறதப் பாத்துக்கிட்டு இருக்கறதுக்குச் சம்பளம் குடுக்குறாகளா?"

"மக்காம நிக்கிறதப் பாக்குறதுக்கு."

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்துவிட்டது. எதற்கென்று அப்போது தெரியவில்லை. அவன் கையைத் தட்டிக்கொண்டு எழுந்து சொல்ல ஆரம்பித்தான். பெண் பார்க்க வந்த இடத்தில் பேசுகிற பேச்சு இல்லை அது. நாம் விடுகிற மூச்சிலும், அடுப்புப் புகையிலும், லாரிப் புகையிலும் இருக்கிற கரியமில வாயு கடல் தண்ணீரிலும் கரைந்து கிடக்கிறது. பாசி அதைக் குடித்துத்தான் வளர்கிறது. அலையில் அறுந்து கரையில் ஒதுங்கினால் உங்கள் எருக்குழி மாதிரி மக்கி, குடித்த கரி முழுவதும் காற்றுக்கே திரும்பிவிடும்.

"அப்புறம் என்ன பிரயோசனம்?" என்றாள் அவள்.

"எல்லாம் திரும்பிராதுங்க. பாசி ஊறும்போது தேத்தண்ணி மாதிரி ஒரு சாறு இறங்கும். அதுல ஒரு பங்கு லேசுல அழியாது, தண்ணியோட தண்ணியாக் கலந்து கிடக்கும். இன்னும் கொஞ்சம் பாசி அப்படியே முங்கி ஆழத்துக்குப் போயிரும். அங்கன வெயிலு இல்ல, காத்து இல்ல, ஒரே குளிரு. அங்கன போயிருச்சுன்னா, அது சுமந்த கரி நூறு நூறு வருஷத்துக்கு மேல வராது. ஊரெல்லாம் விடுற புகையில கடல் எம்புட்டை இப்படி வாங்கி அடியில வச்சுக்கிருதுன்னு யாருக்கும் சரியாத் தெரியல. அதுல என் பங்குக்கு ஒரு ஓரத்தப் பாக்குறேன்."

தோள்பையிலிருந்து நைலான் வலையில் தைத்த ஒரு சின்னப் பையை எடுத்தான். உள்ளங்கை அகலம். உள்ளே காய்ந்த பழுப்புநிறப் பாசி. கிளை கிளையாக, கிளைக்குக் கிளை குட்டிக் குட்டி உருண்டைகள், மிளகை விடக் கொஞ்சம் பெரிதாக. மிதப்பதற்காக அந்த உருண்டைக்குள் காற்றை அடைத்து வைத்திருக்கும் என்றான். இந்த மாதிரிப் பைகளில்தான் பாசியைக் கட்டி கடலடியில் போட்டுவைத்து, அவ்வப்போது எடுத்து நிறுத்து, எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பானாம்.

"உங்க கிணத்துல கட்டி வச்சுப் பாருங்களேன். நல்ல தண்ணியில எப்படி மக்குதுன்னு அப்பப்பத் தூக்கிப் பாருங்க. அடுத்து வரும்போது கேக்குறேன்."

அடுத்து வரும்போது. அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். பையை வாங்கியபோது அவன் விரலில் ஒட்டியிருந்த எரு அவள் விரலிலும் ஒட்டிக்கொண்டது.

பந்தலுக்கு வெளியே, துவரையைக் காயவைத்தபடி மாயக்காள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் பஸ் ஏறினார்களோ இல்லையோ, கேள்வி வந்தது.

"கையில என்னமோ குடுத்தானே, என்னடி அது?"

"பாசி," என்றாள் சொர்ணலதா. சொல்லும்போதே முகம் சிவந்தது.

"பாசியா! இவன் எதுக்கு உனக்குப் பாசி குடுக்கிறான்? எங்கன வேலைன்னு சொன்னான் தவசி? மண்டபத்துல தான?" மாயக்காள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "அடப் பாவி தவசி! கல்யாண மண்டபத்து வாசல்ல துணி விரிச்சுப் பாசிமணி விக்கிறவனையா எம்.எஸ்ஸின்னு கூட்டியாந்தான்?"

"அத்தை, இது கடல்ல வளர்ற பாசி. அதை ஆராய்ச்சி பண்றாக."

"கடல்ல பாசியா? கண்மாய்ப் படியில வழுக்குமே, அதுவா? அதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கக் கவர்மெண்ட்டு காசு குடுக்குமா? உனக்குக் கதை சொல்லிருக்கான், நீயும் வாயப் பொளந்து கேட்டுக்கிட்டு வந்திருக்க. ஏண்டி, என் அண்ணன் மகளுக்குப் பாசி விக்கிறவனா கேட்டுச்சு?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். இன்னும் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருக்கலாம். சொர்ணலதா சொல்லவில்லை. கட்டிக்கப்போகிறவனுக்காகப் பெண்ணே வாதாடுவதா என்று கூச்சம். அடுத்த வாரம் தவசி வந்தார், தொங்கிய முகத்தோடு போனார். அவ்வளவுதான். பிறகு தவசி மகனோடு திருப்பூருக்குக் குடிபோய்விட்டார். ஆண்டிபட்டி என்ற பேச்சே வீட்டில் எழவில்லை.

ஆனால் பை இருந்தது. கிணற்றுப் படியில் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். மோட்டார் போடப் போகிற சாக்கில் தூக்கிப் பார்ப்பாள். முதலில் பையிலிருந்து சொட்டிய தண்ணீர், அவன் சொன்ன மாதிரியே, தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. பிறகு பாசி கொழகொழவென்று ஆனது. நாற்றம் எடுத்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இளைத்திருந்தது. ஐப்பசி மழையில் கிணறு நிரம்பி, அவள் இறங்க முடியாமல் கிடந்து, மழை விட்ட பிறகு போய்ப் பார்த்தால், கயிற்றின் நுனி மட்டும்தான் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. இற்றுப்போன நுனி. அன்றைக்குத்தான் அவள் அழுதாள். சம்பந்தம் முறிந்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை.

அதன் பிறகு அவளுக்கு ஒரு விநோதப் பழக்கம் வந்தது. மூன்று பக்கமும் மலை சூழ்ந்த அந்த ஊரில் இருந்துகொண்டு, ரேடியோவில் கடல் வானிலை கேட்பாள். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள், மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவித்தால், அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடாது. "மீன் பிடிக்கவா போகப்போற? அதை அமத்திட்டு வெங்காயத்த உரி," என்பாள் மாயக்காள்.

வாய்க்காலில் தண்ணீர் வந்தால் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். முல்லையாற்றுத் தண்ணீர் வைகையில் சேரும், வைகை ராமநாதபுரத்துப் பக்கம் போகும். அதுவரைக்கும் மனசு கூடவே போகும். ஆனால் வைகை கடலைப் பார்க்காத ஆறு என்று அவளுக்குத் தெரியும். கண்மாய்களில் பிரிந்து பிரிந்தே தீர்ந்துவிடும். கடலுக்குக் கொஞ்சம் முந்தி.

*

உத்தமபாளையத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில் மாயக்காள் கோகிலாபுரம் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. அது அவள் வாழ்க்கையிலேயே நீண்ட மௌனமாக இருக்கலாம். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அப்ப அவன் சொன்னது நிசந்தானா?"

சொர்ணலதா பஸ் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் என்னத்தக் கண்டேன். பாசின்னா பாசிமணி. மண்டபம்னா கல்யாண மண்டபம். ஊருக்குப் போயி எவனாச்சும் மண்டபம்னு பேரு வைப்பானா?" பிறகு குரல் தணிந்தது. "பாசி விக்கிறவன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லக் கூடாதுன்னுதான் தவசிக்கிட்ட மரியாதையா சொல்லிவிட்டேன்."

"என்னன்னு சொல்லிவிட்டீக?"

"எல்லாரும் சொல்றதுதான். பொண்ணுக்குப் பிடிக்கலைன்னு."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. சொர்ணலதா முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பெண் வீட்டார் ஒரு சம்பந்தத்தைத் தட்டிவிட இப்படித்தான் சொல்வார்கள், யார் மனசும் நோகாது என்று. பெண் பேரைப் போட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஆனால் அங்கே ஆண்டிபட்டியில் ஒருவன் அதைக் கேட்டிருப்பானே. எருக்குழிக்குப் பக்கத்தில் சிரித்தவள், பையை வாங்கிக்கொண்டவள், தன்னைப் பிடிக்கவில்லை என்று சொன்னதாக. மூன்று வருஷமாக அவன் ஏன் வரவில்லை என்று அவள் ஏங்கிக் கிடந்தாள். அவன் எப்படி வருவான்?

"என் பேரையா சொன்னீக?" என்று மட்டும் கேட்டாள்.

மாயக்காள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். வாயில் ஒன்றும் இல்லை.

*

அந்த வைகாசியில் கிணறு வற்றியது. பெரியாற்றுத் தண்ணீர் வருமுன் தூர் வாரிவிடலாம் என்று பேச்சிமுத்து ஆள் சொல்லியிருந்தார். மொக்கைச்சாமி நாலு ஆட்களோடு வந்து இறங்கினான். கீழே இரண்டு பேர் கூடையில் சேற்றை நிரப்ப, மேலே உருளையில் வடம் போட்டு இழுத்தார்கள். முதலில் சொத சொதவென்ற சேறு வந்தது, பிறகு கருஞ்சேறு. அடுப்புக்கரியைக் குழைத்த மாதிரி, மூக்கைத் துளைக்கிற வீச்சத்தோடு.

சொர்ணலதா அவர்களுக்குக் கம்பங்கூழ் கொண்டுபோயிருந்தாள். உள்ளேயிருந்து மொக்கைச்சாமி கத்தினான்.

"ஏலேய், பொறுங்கடா! புதையல் கிடைச்சிருச்சு! பைக்குள்ள பாசி!"

மேலே இருந்தவர்கள் சிரித்தார்கள். "தங்கப் பாசியா, பவளப் பாசியா?"

"எவளோ மூதி கிணத்துல போட்டிருக்கா. ஆழத்துல, கருஞ்சேத்துக்குள்ள முழுசாப் புதைஞ்சு கிடந்துச்சு. இந்தா தாயி, கூடையில வருது."

கூடையில் சேற்றுக்கு மேலே ஒரு நைலான் வலைப்பை. சொர்ணலதா கூழ்ப்பானையைக் கீழே வைத்தாள். அதை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போய்த் தண்ணீரில் அலசினாள். பையின் வாய்ப்பக்கம் காலி. ஆனால் அடியில், சேறு இறுகிப்போயிருந்த மூலையில், ஒரு கிளை இருந்தது. பழுப்பு கறுத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். காம்பு காம்பாகவே இருந்தது. காம்பில் நாலைந்து உருண்டைகள். ஒன்றை விரலால் அழுத்திப் பார்த்தாள். உடையவில்லை.

மேலே கட்டி வைத்து அவள் பார்த்துப் பார்த்துக் காத்ததெல்லாம் கரைந்துபோயிருந்தது. கயிறு அறுந்து, போயே போய்விட்டது என்று அவள் அழுதது, அடியில் இருந்திருக்கிறது.

பின்னால் மாயக்காளின் மூச்சு கேட்டது. எப்போது வந்தாளோ. குனிந்து, கண்ணைச் சுருக்கி, அந்த உருண்டைகளைப் பார்த்தாள்.

"ஆத்தாடி," என்றாள். "பாசிமணியேதான்டி!"

சொர்ணலதாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீரும் வந்தது. மாயக்காள் பயந்துபோய் அவள் முதுகைத் தடவினாள்.

அன்று சாயங்காலம் பந்தலின் கீழே அப்பா கவாத்துக் கத்திரியைத் தீட்டிக்கொண்டிருந்தபோது அவள் போய் நின்றாள். வருகிற வெள்ளிக்கிழமை போடியிலிருந்து ஏலக்காய்க் கடைக்காரர் வீட்டில் பூ வைக்க வருகிறார்கள்.

"போடிக்காரகள வர வேணாம்னு சொல்லிருங்கப்பா."

பேச்சிமுத்து தலையை நிமிர்த்தவில்லை. "ஏன்த்தா?"

"எனக்குப் பிடிக்கல." சொல்லிவிட்டு, உடனே திருத்தினாள். "இந்தத் தடவை நான்தான் சொல்றேன். நிசமாவே நான் சொல்றேன்."

கத்திரி நின்றது. மாயக்காள் எல்லாவற்றையும் முன்னமே அண்ணனிடம் கொட்டியிருக்க வேண்டும். அவர் ஒன்றும் தெரியாதது போலக் கேட்கவில்லை. "அந்தப் பையன் இந்நேரம் கல்யாணம் முடிச்சிருப்பானே தாயி. யாரு காத்துக்கிட்டு இருப்பா?"

அந்த நினைப்பு அவளுக்கும் வராமல் இல்லை. பஸ்ஸிலிருந்தே வந்துகொண்டுதான் இருந்தது. "முடிச்சிருந்தா நல்லா இருக்கட்டும். அவுக வரணும்னு நான் சொல்லலப்பா. நான் பிடிக்கலைன்னு சொன்னதா அவுக மனசுல ஒரு சொல்லு கிடக்கு. அது என் சொல்லு இல்ல. அது அழிஞ்சாப் போதும்."

பேச்சிமுத்து கத்திரியைத் துடைத்துக் கீழே வைத்தார். பிறகு, "போடிக்கு நான் போயிச் சொல்லிக்கிறேன்," என்றார். "உன் பேரைச் சொல்ல மாட்டேன். என் பேரைச் சொல்லிக்கிறேன்."

சண்முகராஜுக்கு எழுதிவிடலாம் என்று மாயக்காள் சொன்னாள். சொர்ணலதாவுக்கு எழுத வரவில்லை. எப்படி ஆரம்பிப்பது? ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவி, அடியில் கிணற்றுக் கருஞ்சேறு போட்டு, அந்தப் பையை அதில் புதைத்து, மேலே அதே தண்ணீரை ஊற்றி மூடினாள். பெருநாள் முடிந்ததும் பரீத் சரக்கெடுக்க ராமநாதபுரம் பக்கம் போகிறவன். அவனிடம் கொடுத்தாள்.

"மண்டபத்துல, கடல்பாசி ஆராய்ச்சி ஆபீஸ்ல, சண்முகராஜ்னு ஒருத்தர். ஆண்டிபட்டிக்காரர். இருந்தா குடுத்துருங்கண்ணே."

"என்ன சொல்லிக் குடுக்கணும்?"

"கிணத்துக்கு அடியில இருந்துச்சுன்னு சொல்லுங்க."

பரீத் பாட்டிலை ஆட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தான். "பாயாசம்னு நினைச்சேன்," என்றான். சபியா அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

*

பரீத் திரும்பி வந்தான். ஆள் கடலுக்குள் போயிருந்தாராம். ஆபீஸில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு வந்தானாம். கல்யாணம் ஆனவரா என்று கேட்கத் தனக்குத் தோன்றவில்லை என்றபோது, சபியா அவனோடு ஒரு நாள் பேசவில்லை.

பெரியாற்றுத் தண்ணீர் வந்தது. வாய்க்கால் ஓடியது. தூர் வாரிய கிணறு தெளிந்து மேலே மேலே ஏறியது. சொர்ணலதா மோட்டார் போடப் போகும்போதெல்லாம் படியில் உட்கார்ந்துவிடுவாள். தூக்கிப் பார்க்க இப்போது கயிறும் இல்லை, பையும் இல்லை. சொல் போய்ச் சேர்ந்திருக்கும், அதுதானே கேட்டாய், அப்புறம் என்ன என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். அப்பாவிடம் அப்படிச் சொன்னது பொய்யில்லை. ஆனால் முழுசும் இல்லை. ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் காது போய் ரோட்டில் நின்றுவிட்டு வந்தது. என்ன கேட்கிறாய் என்றால் தண்ணீர்ச் சத்தம் என்பாள். மாயக்காள் அந்த நாட்களில் வெங்காயத்தைத் தானே உரித்துக்கொண்டாள். ரேடியோவில் கடல் வானிலை வந்தால், "ஏய் சொர்ணம், உன் பாம்பன் வந்திருச்சு, ஓடியா," என்று அவளே கூப்பிட்டாள்.

ஆனி மாதக் காற்று பந்தலைப் போட்டு உலுக்கிய ஒரு முற்பகலில், கம்பியில் யாரோ தலையை இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

சொர்ணலதா கிணற்றடியில் இருந்தாள். திரும்பவில்லை. திரும்பி, வேறு யாராகவாவது இருந்துவிட்டால் என்று பயம். இன்னொரு தடவை இடித்தது. "ஸ்…" என்ற முனகல். பிறகுதான் திரும்பினாள்.

கறுத்துப்போயிருந்தான். உப்புக்காற்றில் காய்ந்த முகம். தோளில் அதே பை. கையில் கழுவித் துடைத்த ஹார்லிக்ஸ் பாட்டில். அவளைப் பார்த்தான், உடனே கிணற்றைப் பார்த்தான்.

"எம்புட்டு ஆழத்துல கிடந்துச்சு?"

மூன்று வருஷத்துக்குப் பிறகு கேட்ட முதல் வார்த்தை. சொர்ணலதாவுக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை.

"அடியில. கருஞ்சேத்துக்குள்ள. மேல படியிலதான் கட்டியிருந்தேன். அப்பப்பத் தூக்கிப் பாக்கச் சொன்னீக. பாத்தேன். கயிறு அறுந்துருச்சு."

"அறுந்ததுதான் நல்லதாப் போச்சு." அவன் படியில் இரண்டு படி இறங்கி நின்றான். "மேல இருந்திருந்தா காத்தும் பூச்சியுமா சேர்ந்து ஒண்ணும் மிச்சம் வச்சிருக்காது. அடியில சேத்துக்குள்ள காத்துப் படல. அதான் நின்னிருக்கு." ஆராய்ச்சிக்காரக் குரல் அங்கே உடைந்தது. "பிடிக்கலைன்னு சொல்லிவிட்டீகன்னு தவசியண்ணன் சொன்னாரு."

"நான் சொல்லல."

"பாட்டிலப் பாத்தப்பவே தெரிஞ்சுது. பிடிக்காதவுக கிணத்துல கட்டி வச்சிருக்க மாட்டாகளே." அவன் பாட்டிலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "வீட்டுல ரெண்டு மூணு இடம் பாத்தாக. நான் கடலுக்குப் போயிட்டுப் போயிட்டு ஒளிஞ்சுக்கிட்டேன். எதுக்குன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியல. மக்கிரும், நாளாக நாளாக மக்கிரும்னுதான் நினைச்சேன்."

அவள் அந்தப் பாட்டிலையே பார்த்தாள். அவன் இன்னும் என்னவோ சொல்லப் போனான். அதற்குள் பந்தலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாயக்காளின் குரல் முந்திக்கொண்டது.

"அண்ணே, பாசி விக்கிற தம்பி வந்திருக்காக! சீக்கிரம் வாங்க!" ஓட்டமும் நடையுமாக வந்தவள், அவனைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, குரலைக் கீழே இறக்கினாள். "வாங்க தம்பி. வெயில்ல நிக்கிறீகளே. வந்து மோர் குடிங்க. உங்க மண்டபத்துப் பாசிய நானும் தின்னுருக்கேன். பால் ஊத்தி. ரொம்ப நல்லாருந்துச்சு."

சண்முகராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. சொர்ணலதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மத்ததெல்லாம் அவ பெறகு சொல்லுவா," என்றாள் மாயக்காள். "தாலியோட கோக்கக் கருகமணி நான்தான் எடுத்துக் குடுப்பேன். அதுவும் பாசிதான். எங்க பாசி. ஒத்துக்குவீகள்ல?" பதிலுக்குக் காத்திராமல் வீட்டுப் பக்கம் நடந்துவிட்டாள். போகும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டது போலத் தெரிந்தது. காற்றில் தூசி.

சண்முகராஜ் தோள்பைக்குள் கையை விட்டு ஒரு வலைப்பையை எடுத்தான். புதுசு. உள்ளே பழுப்புப் பாசி, உருண்டை உருண்டையாக. நாலு மணி பஸ்ஸுக்கு அவன் ஆண்டிபட்டி போய் அப்பா அம்மாவைக் கூட்டிவர வேண்டும். அங்கிருந்து திரும்ப மண்டபம். ஆடி கழிந்து ஆவணியில் முகூர்த்தம் வரும்வரைக்கும் இருவருக்கும் நடுவே மறுபடியும் அந்தத் தூரம் முழுவதும் இருக்கும்.

"கயிறு இருக்கா?" என்றான். "எங்கன கட்டலாம்?"

சொர்ணலதா பையை வாங்கி உள்ளங்கையில் வைத்து ஒரு தடவை மூடித் திறந்தாள். கூடவே ஒரு சின்னக் கல்லையும் உள்ளே போட்டு முடிச்சிட்டாள்.

"கட்ட வேணாம்," என்றாள். "போட்டுருவோம்."